குச்சிக்குத் தைத்த சட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள குச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூன்று பேரும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்? கடைசியாக நீ போட்ட கடிதத்தில் மொத்தம் நாலு வரி. அதிலும் இரண்டு வரி வெயிலைப் பற்றி.

போனில் பேசலாமே என்பாய். வெளிநாட்டு வேலை என்றுதான் பேர், இந்த விடுதியில் இருப்பது ஒரே போன், மாடிப்படிக்குக் கீழே. வரிசையில் பின்னால் நிற்கிறவளின் மூச்சு என் பிடரியில் படும். அது போகட்டும், நாம் இருவரும் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதி.

புதுச் சேதி ஒன்று. பள்ளிக்கூடச் சீருடை தைத்த இடத்திலிருந்து எங்களை வேறு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே என்ன தைக்கிறோம் தெரியுமா? உன்னைப் போன்ற எலெக்ட்ரீஷியன்கள் போடுகிற சட்டை. கூடாரத்துணி மாதிரி கனம். முழங்கால்வரை கோட்டு, தலைக்குக் கண்ணாடி வைத்த முகமூடி. போட்டுக்கொண்டால் நிலாவுக்குப் போகிறவன் மாதிரி இருப்பான்.

முதல் நாள் எல்லாத் தையல்காரிகளையும் உட்காரவைத்து ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு மின்சாரப் பெட்டிக்கு முன்னால் ஆள் மாதிரி ஒரு பொம்மை. பெட்டிக்குள் ஏதோ தட்டுப்பட்டது. அவ்வளவுதான். திரை முழுக்க வெள்ளை. வெளிச்சம் அடங்கியபோது பொம்மையின் சட்டை அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டு சொட்டியது. பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாள்: "ஷாக் அடிக்கணும்னா தொடணும். இதுக்குத் தொடவே வேணாம். ரெண்டு கம்பிக்கு நடுவுல காத்துலயே தீப்பிடிச்சு வெடிச்சு வரும். கண்ணை மூடறதுக்குள்ள முடிஞ்சிரும். சாதா நூல்ல தைச்சீங்கன்னா துணி நிக்கும், தையல் உருகிப் பிரிஞ்சுரும். ஒரு ஆளு உசிரு உங்க தையல்ல இருக்கு."

பொம்மைதான், எனக்குத் தெரியாதா? ஆனால் அது ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது, நீ நிற்கிற மாதிரியே.

நீ வேலையில் என்ன போடுகிறாய்? இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு காரியம் செய். உன் யூனிஃபார்ம் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சி காட்டிப் பார். கருகிச் சாம்பலானால் பரவாயில்லை. உருகிச் சொட்டினால் அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டி பக்கம் போகாதே. செய்து பார்த்துவிட்டு எழுது. நாலு வரி எழுதினால் பிறகு பார்.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் தீப்பெட்டியை எடுத்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கொல்லைப்புறத்தில் குட்டியை எட்ட நிறுத்திவிட்டுப் பற்றவைத்தேன். துணி சுருண்டது, உருகியது, சொட்டியது. ஒரு சொட்டு செருப்பில் விழுந்து ஓட்டை போட்டுவிட்டது. உன் தம்பி பெண்டாட்டிக்குச் சட்டையைப் பற்றிக் கவலை இல்லை. "புது செருப்பு! அக்காவும் தம்பியும் சேர்ந்து எரிச்சு விளையாடுங்க" என்று ஒரு பாட்டம் திட்டினாள்.

நீ சொன்னாயே என்று மறுநாள் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே சூப்பர்வைசர் மறித்துவிட்டார்.

"யூனிஃபார்ம் எங்க?"

"சார், அது தீப்பட்டா உருகுது சார்."

"நீ எதுக்குய்யா எரியப் போற? எரியாம வேலை பாரு."

திரும்பிவந்து மாற்றிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?

உனக்கு எங்கள் வேலையைப் பற்றி முழுசாகச் சொன்னதில்லை. இது பாட்டில் தொழிற்சாலை. கண்ணாடியை உருக்குகிற உலை ராவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கும் அச்சு எந்திரங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெரிய பேனல் ஒன்று தனி அறையில் இருக்கிறது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் செம்புப் பட்டைகள். எந்திரம் அதிர அதிர அதிலுள்ள போல்ட்டுகள் தளரும். தளர்ந்தால் சூடேறும். அவ்வப்போது முறுக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு முறுக்கினால் அரை மணி நேர வேலை. மேனேஜரிடம் கேட்டோம். "உலை ஆறிப் போச்சுன்னா கண்ணாடி உள்ளயே கல்லாயிடும். நீ வந்து கொத்தி எடுப்பியா?" என்றார். அதனால் கரண்ட் ஓடும்போதே முறுக்குகிறோம். நான் முறுக்குவேன், எங்கள் பாட்டுக்காரர் பக்கத்தில் டார்ச் பிடிப்பார். பாட்டுக்காரர் என்றால் என் கூட்டாளி. எந்த வேலையானாலும் மூக்காலே ஒரு பாட்டை இழுத்துக்கொண்டேதான் செய்வார்.

எங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது, பயப்படாதே. காலுக்குக் கீழே ரப்பர் பாய். இடது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வோம். "ஒண்ணாவது மிஞ்சட்டும்பா" என்பார் பாட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை.

மற்றபடி சௌக்கியம். உன் தம்பி பெண்டாட்டியின் கைப்பக்குவம் உனக்குத் தெரியாது. போட்டோவில் எல்லாம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேனே, எதற்கென்று யோசித்தாயா?

உன் குச்சி
(என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்)

*

மார்ச் 21

அன்புள்ள குச்சிக்கு,

எரியாமல் வேலை பார்க்க வேண்டுமாம்! அந்த சூப்பர்வைசர் என் கையில் கிடைத்தால் வாயைச் சேர்த்துத் தைத்துவிடுவேன், உருகாத நூலில்.

உன் கடிதத்தைப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னேன். ரப்பர் பாய், பாக்கெட்டில் கை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் ஷாக்குக்கு. இதுக்கு ரப்பர் பாய் என்ன செய்யும்? முதல்ல கரண்ட்டை நிறுத்தச் சொல்லு. நிறுத்தவே முடியாதுன்னாதான் இந்தச் சட்டை" என்றாள். அவர்கள் மாட்டேன் என்கிறார்களே என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிறீர்களே, அதற்குப் பெயர் முறையா? ஒரு கண் போனாலும் போகட்டும் என்று தினமும் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறாயா நீ? குட்டியிடம் இதையா சொல்லிவிட்டுப் போகிறாய்?

இப்போது கேள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தைத்துத் தள்ளுகிறேன். பெட்டி பெட்டியாக ஏறிப் போகிறது. கூடப் பிறந்தவனுக்கு ஒன்று இல்லை. இந்த நினைப்பு வந்தால் ஊசி எங்கே போகிறது என்றே தெரிவதில்லை, போன வாரம் விரலில் ஏற்றிக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்டே விட்டேன். சாயம் சரியாக ஏறாத துணியை இங்கே துடைப்பதற்கென்று ஒதுக்கிப் போடுவார்கள். துணியில் குற்றமில்லை, நிறத்தில்தான் திட்டுத்திட்டாக இருக்கும். எங்கள் பிரிவுத் தலைவி அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நூலும் கொஞ்சம் தருவாளாம். சாப்பாட்டு இடைவேளையில் தைப்பேன்.

உன் அளவு எனக்கு மனப்பாடம். அம்மா போன பிறகு அப்பா சட்டையைப் பிரித்து உனக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தது யார்? இங்கே நான் கிளம்புகிற அன்று நீ போட்டிருந்த சட்டையும் நான் தைத்ததுதான். தோள், மார்பு, கை நீளம், ஒன்றும் மறக்கவில்லை. மூலையில் சாய்த்துவைத்த குடை மாதிரி இருப்பாய்.

அதுவரை அந்தப் பேனலைத் தொடாதே. தொடாதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. தெரிந்தும் எழுதுகிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள குச்சிக்கு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கோட்டு, அதோடு முகமூடி.

முகமூடிக் கண்ணாடிக்குத்தான் அலைந்துவிட்டேன். கீறல் விழுந்தது என்று கழித்துப் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இடது ஓரத்தில் கீறல் இருக்கும், மன்னித்துக்கொள். கண்ணாடியின் நிறமே பச்சைதான், அது அப்படித்தான் இருக்க வேண்டும். கையுறை எங்கள் பிரிவில் இல்லை, அதற்கு என்னால் வழி செய்ய முடியவில்லை. ஜிப்பின் உலோகம் வெளியே தெரியக் கூடாது, அதனால் மேலே ஒரு மடிப்பு வைத்திருக்கிறேன். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி மடிப்பை அழுத்தி ஒட்டிவிடு. பாதியில் நிறுத்தினால் நெருப்பு சட்டைக்குள் புகும். புழுங்குகிறது என்று திறந்து வைத்துக்கொண்டாயானால் போடாததற்குச் சமம்.

உள்ளே பருத்தி பனியன் மட்டும்தான். அந்த உருகுகிற யூனிஃபார்ம் மேல் இதை மாட்டிக்கொள்ளாதே.

கழுத்துப் பட்டியின் உள்பக்கம் ஒரு சின்னத் தையல் போட்டிருக்கிறேன். ஒரு நேர்க்கோடு. குச்சி. கூட இருக்கிறவர்களுக்குப் புரியாது.

முடித்த அன்று நானே போட்டுப் பார்த்தேன். உனக்கு எது சரியோ அது எனக்கும் அப்போதெல்லாம் சரியாக இருக்குமே. எனக்குக் கொஞ்சம் இறுக்கம், வயசாகிறதில்லையா. இங்கே கூட இருக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு வந்தது. இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் உன் தம்பி பெண்டாட்டி துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். செருப்புக்குத் திட்டியவள்!

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டை எனக்கு ஏறவில்லை. கை ஏறியது, தோள் முக்கித் திணறி ஏறியது, ஜிப் வயிற்றில் நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். குட்டி ஒரு பக்கம் இழுத்தாள், அவள் அம்மா ஒரு பக்கம் இழுத்தாள். ம்ஹூம். நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, அக்கா. உன் குச்சி இப்போது தூண். போன கடிதத்திலேயே மறைமுகமாகச் சொன்னேனே. நேராகச் சொல்லியிருக்கலாம். நீ கிண்டல் செய்வாய் என்று விளையாட்டுக் காட்டினேன்.

கோபிக்காதே. சட்டை வீணாகவில்லை. பாட்டுக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அவர் ஒல்லி. அதனால் வேலையை மாற்றிக்கொண்டோம். இப்போது அவர் சட்டை போட்டுக்கொண்டு முறுக்குகிறார், நான் டார்ச் பிடிக்கிறேன். "உங்க அக்கா கைக்குத் தங்கக் காப்பு போடணும்பா" என்றார். முகமூடிக்குள்ளிருந்து பாட்டு வேறு, பானைக்குள் வண்டு புகுந்த மாதிரி.

இன்னொரு கூத்தைக் கேள். போன வாரம் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வந்தார்கள். மேனேஜர் சட்டையை வாங்கிக்கொண்டுபோய் வரவேற்பு அறையில் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். "எங்க தொழிலாளிங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முதல்ல" என்று அதைக் காட்டிக் காட்டிப் பேசினார். வந்தவர்கள் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் உள்ளே நாங்கள் இரண்டு பேரும் வெறும் யூனிஃபார்மில் பேனலைத் திறந்துகொண்டு நிற்கிறோம். திருப்பி வாங்க நடையாய் நடந்து, மூன்றாம் நாள்தான் கிடைத்தது. இன்னும் நாலு சட்டை வாங்கித் தாருங்கள் என்றும் கேட்டோம். "மேல சொல்லியிருக்கேன்" என்கிறார். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஓரமாகத்தான் நிற்கிறேன், கவலைப்படாதே. முகமூடி வழியாகப் பார்த்தால் எல்லாம் பச்சையாக, மங்கலாகத் தெரிகிறதாம். அதனால் டார்ச்சைக் கொஞ்சம் கிட்டப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தொடுவது அவர்தானே. நான் எதையும் தொடுவதே இல்லை.

உன் தூண்

*

ஜூலை 25

டேய்,

அன்புள்ள என்றெல்லாம் எழுத எனக்கு இப்போது வரவில்லை.

தொடுவதே இல்லையாம். முதல் கடிதத்தில் நான் என்ன எழுதினேன்? தொட வேண்டாம், தொடாமலே வரும் என்று எழுதினேனா இல்லையா? படிக்கிறாயா, இல்லை குட்டிக்குக் கப்பல் செய்து கொடுக்கிறாயா?

பயிற்சி அம்மாவிடம் கேட்டேன். முறுக்குகிறவன் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதே சட்டை வேண்டுமாம். சட்டை இல்லாதவன் அந்த அறையிலேயே இருக்கக் கூடாதாம். "ஒண்ணு ரெண்டு பேரும் போட்டுக்கணும், இல்ல ரெண்டு பேரும் வெளிய நிக்கணும்" என்றாள். நீயோ கையை நீட்டி அவர் தோளுக்கு மேலே டார்ச் பிடிக்கிறாய். கிட்டப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதுகிறாய். அவ்வளவுதானா?

உன் வயிற்றின் மேலும் எனக்குக் கோபம், என் மேலும் கோபம். ஒரு வார்த்தை, அளவு அனுப்புடா என்று ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கக் கூடாதா? ஊர் உலகத்துக்கெல்லாம் அளவுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறவள், உனக்கு மட்டும் மனசிலிருந்து வெட்டினேன். என் கண்ணில் நீ அப்படியே நின்றுவிட்டாய்.

இரண்டாவது சட்டை தைக்கக் கேட்டேன். பிரிவுத் தலைவி மாறிவிட்டாள். புதிதாக வந்தவள் ஒதுக்கிய துணியை வெளியே விடக் கூடாது என்று அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். நான் அழுதும் பார்த்தேன். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை, அவளுக்கும் மேலே ஒரு "மேலே" இருக்கிறது. லீவு கேட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம், அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம். என் மேஜையில் ஒரு சட்டை இருக்கிறது, உன் தொப்பைக்கும் தாராளமாகப் போதும். சாயங்காலம் அது பெட்டிக்குள் போய்விடும்.

இதையாவது செய். டார்ச்சைக் கையில் பிடிக்காதே. நீளமாக ஒரு கம்பு எடு, நுனியில் கட்டு, வாசலுக்கு வெளியே நின்று நீட்டு. இல்லையென்றால் கீழே நிறுத்திவைத்துவிட்டு வெளியே போ. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த யூனிஃபார்மை மட்டும் போடாதே. வாசலில் மறித்தால் பைக்குள் பருத்திச் சட்டையை வைத்துக்கொண்டு போய் உள்ளே மாற்றிக்கொள்.

உன் அளவை எழுதி அனுப்பு. உன் வீட்டுக்காரியை எடுக்கச் சொல். மார்பு, வயிறு, கழுத்து. துணி எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அளவு என் கையில் இருக்கட்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. பதில் போடு. அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாலு வரி போதும். வெயிலைப் பற்றியே எழுது.

அக்கா

*

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா எடுத்தாள். "எல்லாரும் நல்லா இருக்காங்க, ஊருக்குப் போயிருக்காங்க" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எந்த ஊருக்கு? நமக்கு எந்த ஊர் இருக்கிறது போவதற்கு?

என் மேல் கோபமென்றால் திட்டி எழுது. குட்டியை விட்டு ஒரு படம் வரையச் சொல்லி அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

அக்கா

*

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி எழுதுகிறாள். ஏற்கெனவே முறைக்கிறாள், நான் வேகமாகச் சொல்கிறேனாம். இதை நீ உட்கார்ந்துகொண்டு படி. நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதச் சொன்னவள் அவள்தான்.

ஊருக்குப் போயிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னது நான். அந்த ஊர் ஆஸ்பத்திரி. உன்னால் வர முடியாது. தெரிந்தால் அங்கே உட்கார்ந்து என்ன செய்வாய், இன்னும் நாலு தடவை விரலில் ஊசியை ஏற்றிக்கொள்வாய். அதனால் சொல்லவில்லை. திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

உன் ஜூலைக் கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை காதில் போட்டுக்கொண்டேன், சத்தியமாக. வெள்ளையடிக்கிற கம்பின் நுனியில் டார்ச்சைக் கட்டி வாசலில் நின்று நீட்டினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னய்யா, மீன் பிடிக்கிறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சொன்ன மாதிரி சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கம்பு நீளம், வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. பாட்டுக்காரர் உள்ளேயிருந்து, "ஒண்ணும் தெரியலப்பா, கொஞ்சம் கிட்ட வாயேன்" என்றார். போனேன். பருத்திச் சட்டையும் அன்றைக்குப் பையில்தான் இருந்தது. மாற்றிக்கொள்வதற்குள் "சூடேறுது, ஓடி வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு வாஷர், அக்கா. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. தளர்ந்த போல்ட்டிலிருந்து நழுவி இரண்டு பட்டைகளுக்கு நடுவே விழுந்தது. அது விழுகிறதைப் பார்த்தேன். பார்த்தது ஞாபகம் இருக்கிறது. உங்கள் பயிற்சி அம்மா சொன்னது சரி, கண்ணை மூடுவதற்கெல்லாம் நேரமில்லை. ஒன்றைத்தான் வழக்கப்படி ஏற்கெனவே மூடியிருந்தேன். அதுதான் இப்போது நன்றாகத் தெரிகிறது. மற்றதில் எல்லாம் பனிமூட்டம்.

பாட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. அவர்தான் பேனலுக்கு நேரே நின்றார். முகமூடி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது, கோட்டின் முன்பக்கம் முழுக்கக் கருகிவிட்டது. ஒரு தையல் பிரியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பனியன் வெள்ளையாக இருந்ததாம். நீ தைத்த சட்டை ஒரு ஆளைக் காப்பாற்றியது, அக்கா. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இதை நான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தினமும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இரண்டு கையும், இடது பக்க முகமும். நெஞ்சில் யூனிஃபார்ம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பற்றி வேண்டாம். எழுதுகிறவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறோம். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. இன்னொரு தடவை அறுத்துப் பிரிக்க வேண்டுமாம். டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால் வருகிறது. குட்டிக்கு முதலில் என் முகத்தைப் பார்த்துப் பயம். இப்போது பழகிவிட்டாள், மருந்து போடும்போது ஊதிவிடுகிறாள். வெளிச்சம் பளிச்சென்று பட்டால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் இவள் என்னை வெளியே அனுப்பிவிடுகிறாள்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்லவா? பேனல் எரிந்து, கரண்ட் போய், உலை ஆறிப் போய்விட்டது. கண்ணாடி உள்ளேயே கல்லாகிவிட்டது. வாரக்கணக்கில் தொழிற்சாலையை மூடிவைத்துக் கொத்தி எடுத்தார்கள். நாங்கள் கேட்டது அரை மணி நேரம். மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மேல சொல்லிட்டுத்தான் இருந்தேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை. உடம்பு சரியானதும் வாசலில் உட்காருகிற வேலை தருவார்களாம். யார் யூனிஃபார்ம் போட்டு வருகிறார்கள் என்று பார்க்கிற வேலை.

புதுப் பேனல் வந்துவிட்டது. புதுச் சட்டை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். உன் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். முன்னால் கருகினது கருகினதுதான். "இது உனக்கு வந்த சட்டை. இதைப் போட்டுக்கிட்டு என்னால நிக்க முடியல. நீயே வெச்சுக்க" என்று என் மடியில் வைத்தார். அவர் இப்போதெல்லாம் பாடுவதில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, போட்டுவிடு என்று இவளிடம் சொன்னேன். கையை மெதுவாக நுழைத்துவிட்டாள். தோள் லேசாக இறங்கியது. ஜிப்பை அவள்தான் இழுத்தாள். வயிற்றில் நிற்கவில்லை. நேரே கழுத்துவரை போய்விட்டது. மடிப்பை அழுத்தி ஒட்டினாள். எங்கேயும் இறுக்கம் இல்லை, எங்கேயும் தொளதொளப்பு இல்லை. குட்டிதான் கைதட்டினாள், "அப்பாவுக்குச் சரியா இருக்கே!" என்று.

கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒருமுறை எரிந்த சட்டை இன்னொரு முறை தாங்குமா என்று நீதான் சொல்ல வேண்டும். தாங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை அவர் பேனலைத் திறக்க வேண்டியிருந்தது. டார்ச் பிடிக்கப் புதிதாக ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். குண்டான ஆளாம்.

அளவு கேட்டிருந்தாய். அடுத்த கடிதத்தில் அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாய். அளவு எடுக்க வேண்டாம், அக்கா. நீ மனசில் வைத்திருக்கிற அளவே சரி.

கீழே இருப்பதை மட்டும் நானே போட்டேன். பேனாவை இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுத்து வரவில்லை. நீ கழுத்துப் பட்டியில் போட்டிருந்தாயே, அது வந்தது. கொஞ்சம் கோணல்.

|